விட்டு வந்தவர்களுக்கும் சனசமூக நிலையத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியையும் தூளையும் விட்டு மீள முயலும் சிலர் வாரத்தில் ஒரு மாலை கூடிப் பேசுவதற்கு, முருங்கன் பகுதிச் சனசமூக நிலையம் ஒன்றில் இடம் கேட்டோம். என் தம்பியும் அவர்களில் ஒருவன். கட்சிக் கூட்டத்துக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் திறக்கிற மண்டபம் எங்களுக்குத் திறக்கவில்லை. "உங்கட ஆக்கள் வந்து இருந்தால் பிள்ளையள் பேப்பர் பார்க்க வராதுகள்" என்றார் பொறுப்பிலுள்ள ஒருவர். இதை எதிர்த்தே எழுதுகிறேன்.

போதை என்றதும் பிடிப்பதும் எங்காவது அனுப்புவதும்தான் நமக்குத் தெரிந்த வழி. கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளித்து 2007இல் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் வந்தது. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதையும் பார்த்தோம். ஓடாமல், சிகிச்சையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

சிக்கல் பொழுது படும் நேரத்தில்தான். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயலில் வேலை முடித்துக் குளித்துவிட்டு வருபவர் முன்பு போனது சாராயத்துக்கு. அதை விட்டதோடு கூட்டாளிகளும் போய்விட்டார்கள். காலபோக அரிவி வெட்டுக் காசு கையில் புழங்கும் மாசி, பங்குனியில் "ஒண்டு மட்டும் மச்சான்" என்று கூப்பிட மட்டும் ஆள் வரும்.

இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில் கூடுகிறார்கள். கடந்த கூட்டத்தில் ஒருவர், "இண்டைக்குக் கூலி எடுத்தனான். காசை மனிசியிட்டக் குடுத்திட்டுத்தான் இஞ்ச வாறன்" என்றார். யாரும் கைதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். மாரி தொடங்கினால் முற்றத்தில் இருக்க முடியாது.

ஊருக்குள்ளேயே கூடி மீள்வது புதிய யோசனை அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. சிகிச்சை நிலையத்தார், திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடிக் கிராமத்திலேயே முகாம் போட்டுக் குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஊர் ஒத்துழைத்தது, குடும்பத்தவர்களும் சிகிச்சையில் பங்கெடுத்தார்கள், முகாம் முடிந்த பிறகும் நிலையத்தார் தொடர்ந்து கவனித்தார்கள். ஊரறியக் குடித்தவர் ஊரறியவே மீள்வதற்கு அது வழி செய்தது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளர் ஒருவரோடொருவர் பேசித் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் உலகமெங்கும் பரவியதற்கும் பெரிய கட்டடங்கள் தேவைப்படவில்லை. நாலு கதிரை போதுமாக இருந்தது.

இங்கோ பிள்ளைகளைக் காட்டி இடம் மறுக்கிறார்கள். இதே ஆட்கள் வெறியில் வீதியில் விழுந்து கிடந்ததைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். தெளிந்த முகத்தோடு பத்திரிகை வாசிப்பதைக் கண்டால் மட்டும் கெட்டுப்போவார்களா?

சனசமூக நிலையம் பொதுச் சொத்து. பதிவும் உதவித்தொகையும் பிரதேச சபையூடாகவே கிடைக்கின்றன. ஆகவே, போதையிலிருந்து மீள்வோரின் கூட்டத்துக்கு எந்த நிலையமும் இடம் மறுக்கக்கூடாது என்று நானாட்டான் பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மாதத்தில் ஒரு தடவையாவது உளநலப் பிரிவிலிருந்து ஒருவர் வந்துபோகச் சுகாதாரத் துறை ஒழுங்கு செய்ய வேண்டும். மனைவிமார் தனியாகக் கூடிப் பேசவும் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். வாடகை கேட்டால் தருகிறோம். கூட்டிப் பெருக்கித் திறப்பை நேரத்துக்கு ஒப்படைக்கும் பொறுப்பும் எங்களுடையது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முருங்கன்.