தாளில் மட்டும் தங்கிவிடும் தாதிமை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ, இரயில் பாதையை ஒட்டி அமைந்த பெக்கோக் போன்ற சிற்றூர்களிலிருந்து இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை முடித்துத் தாதியர் பயிற்சிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள், மூன்றாண்டு டிப்ளோமா படிப்பில் எதிர்கொள்ளும் கடினமான பகுதிகளுள் ஒன்று தாதிமைச் செயல்முறையாகும். நோயாளியின் நிலையை அறிதல், அவருடைய தேவையை இனங்காணல், பராமரிப்பைத் திட்டமிடல், அதைச் செயற்படுத்தல், விளைவை மதிப்பிடல் ஆகிய ஐந்து படிகளால் ஆன இம்முறை, தாதியர் மருத்துவரின் கட்டளையை நிறைவேற்றுபவர் மட்டுமல்லர், தாமே சிந்தித்து முடிவெடுப்பவரும் ஆவார் என்னும் கொள்கையின் மீது எழுந்தது. அமெரிக்காவில் லிடியா ஹால் 1955ஆம் ஆண்டில் தாதிமையை ஒரு செயல்முறையாக விளக்கினார். 1961இல் ஐடா ஜீன் ஓர்லாண்டோ அதனை நோயாளியோடு கொள்ளும் உறவின் அடிப்படையில் விரித்துரைத்தார். 1967இல் ஹெலன் யூரா, மேரி வால்ஷ் இருவரும் நான்கு படிகளாக வகுத்தது பின்னர் ஐந்தாக விரிந்தது.

பல நாடுகளிலும் மாணவர்களிடம் கருத்துக் கேட்கும்போது கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே: முறை பயனுள்ளது, ஆனால் எழுதுவதற்கு நேரமில்லை, வார்டில் யாரும் அதைப் பின்பற்றுவதில்லை. இதனைச் சோம்பலின் சாக்கு என ஒதுக்குவது நியாயமாகாது.

இடர்ப்பாடு பெரும்பாலும் இரண்டாம் படியில், அதாவது தாதிமை நோயறிதலில், தொடங்குகிறது. இனிப்பு நீரால், அதாவது நீரிழிவால், குதிகாலில் புண் ஏற்பட்டுப் படுத்திருக்கும் ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளியை எடுத்துக்கொண்டால், நீரிழிவு என்பது மருத்துவரின் முடிவு. மாணவி எழுத வேண்டியது, கால் உணர்ச்சி குறைந்தமையால் தோலின் முழுமை கெட்டுள்ளது, அதற்குச் சான்று குதிகாலில் உள்ள திறந்த புண் என்பதாகும். சிக்கல், காரணம், சான்று என்னும் மூன்றையும் ஒரே தொடரில் கோக்க வேண்டிய இவ்விடத்தில்தான் பலர் மருத்துவர் எழுதிய நோய்ப்பெயரையே மீண்டும் எழுதிவிடுகின்றனர். அடுத்து வரும் இலக்கும் 'புண் ஆறும்' என்று பொதுவாக நின்றுவிடுகிறது. எத்தனை நாளில், எவ்வளவு சுருங்கும், எதைக் கொண்டு அளப்பது என்பவை விடுபட்டுப்போகின்றன. இலக்கே அளக்க முடியாததாக இருக்கும்போது, மதிப்பீடு என்னும் இறுதிப் படிக்கு எழுதுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

மொழியும் இதில் பங்கு கொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் வழி இடைநிலைக் கல்வி முடித்தவர், ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட நோயறிதல் தொடர்களைக் கையாள வேண்டியிருக்கிறது. ஆயினும் நிலையை அறிதல் என்னும் முதற்படியில், தமிழ் பேசும் நோயாளியிடம் அந்த மாணவிக்கே மேலான வாய்ப்பு உண்டு. பழைய செருப்போடு தோட்டத்தில் நடந்ததையும், கால் மரத்துப்போனதை வீட்டில் சொல்லாமல் மறைத்ததையும் ஒரு முதியவர் தம் மொழியில் கேட்பவரிடமே எளிதாகச் சொல்வார். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, 18 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இன அடிப்படையில் இந்தியரிடையே அது மிகுதி. இத்தகைய சமூகத்தில் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டு அறிவது மருந்துக்கு நிகரான பணி.

வகுப்பில் ஒரு நோயாளியை முழு மனிதராகக் காணக் கற்பித்துவிட்டு, வார்டில் ஒருவர் காய்ச்சல் பார்க்க, இன்னொருவர் மருந்து கொடுக்க, வேறொருவர் படுக்கை விரிக்க என வேலையைக் கூறுபோட்டுக் கொடுத்தால், மாணவி எதை உண்மையென்று கொள்வார்? பராமரிப்புத் திட்டம் ஷிப்ட் முடிந்தபின் விடுதியில் அமர்ந்து, மூத்த மாணவியின் கோப்பைப் பார்த்து எழுதும் ஒப்படைப்பாகச் சுருங்குவதற்கு மூலகாரணம் இந்த முரண்பாடே. குறை மாணவரிடம் இருப்பதைக் காட்டிலும் கற்பிக்கும் இடமும் பணிபுரியும் இடமும் பிரிந்து நிற்பதில் மிகுதியாக இருக்கிறது.

ஆகவே பயிற்சிக் கல்லூரிகள் படிவத்தின் பக்க எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு மாணவிக்கு ஒரு நோயாளியையேனும் சேர்க்கை முதல் வீடு திரும்பும்வரை ஒப்படைக்க வேண்டும்; வார்டின் மூத்த தாதியர், மாணவி எழுதிய திட்டத்தை ஷிப்ட் மாறும் வேளையில் நோயாளியின் கட்டிலருகே நின்று படித்துத் திருத்த வேண்டும்.