கோதுமை கலவாத கவளம்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் மலைநாட்டு மக்களுக்குக் கடலின் நினைவு வந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை அட்டன் மலைகளை மூடி, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் உலராதிருக்கும் காலத்தில், கீழ்க்கரையில் கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். ஆகவே சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாமும் குடும்பத்துடன் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். எமது மூட்டைகளுள் இம்முறை ஒரு புதுமை இருந்தது. இரண்டு கிலோ வறுத்த அரிசி மாவும், ஒரு புதிய சட்டியும், ஓர் அகப்பையும் தனியே ஒரு பையில் கட்டப்பட்டிருந்தன. "கடல் பார்க்கப் போகிறவர் சட்டி சுமந்து போவானேன்?" என்று அயலார் நகைத்தனர். நகைத்தவர்களுக்குச் சொன்ன விடையையே இவ்வாரம் வாசகர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

எமது மகளுக்கு ஒன்பது வயது. இரண்டாண்டுகளாக அவள் வளர்ச்சி குன்றி, முகம் வெளிறி, வயிறு மட்டும் பருத்து வந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச் சத்துப் பாணி கொடுத்தோம், நேர்த்திக்கடனும் வைத்தோம். இறுதியில் கண்டியில் ஒரு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, பின்னர் சிறுகுடலிலிருந்து மிகச் சிறு துணுக்கொன்றை எடுத்து ஆராய்ந்து, இது சீலியாக் நோய் என்று கண்டறிந்தார். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் உண்டு. ரொட்டி மாவை இழுத்தால் அறாமல் நீள்வது அதனாலேதான். இந்நோயுடையார் அதனை உண்ணும்போது, உடலின் காவற்படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைத்துவிடுகிறது. உண்ணும் உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் அத்தானியங்களை விலக்குவது ஒன்றே வழி.

வீட்டுக்கு வந்து இதனைச் சொன்னபோது முதலில் கலங்கியவர் எமது தாயார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலையேறி, அந்த ரொட்டியாலேயே எம் ஐவரையும் வளர்த்தவர். "ரொட்டி தின்னாம எப்படிய்யா பிள்ளை வளரும்?" என்று கேட்டார். தாம் இத்தனை காலம் ஊட்டியது பேத்திக்கு நஞ்சாயிற்றோ என்ற வேதனை அக்கேள்விக்குள் இருந்தது.

உண்மையில், கோதுமை எமக்குப் பரம்பரை உணவன்று. எமது முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது சோறும் கேழ்வரகுமே உண்டு பழகியிருந்தனர். தோட்டத்திலும் அரிசியே உணவாயிருந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. பின்னர் அதுவே லயத்து அடுப்பில் நிலைத்துவிட்டது.

அதே யுத்தம் ஒல்லாந்து தேசத்தில் வேறொரு வேலை செய்தது. அங்கே 1944-45 குளிர்காலத்தில் பாணுக்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. வில்லெம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர், சீலியாக் நோயால் வாடிய தம் சிறுவர்கள் அந்தப் பஞ்சத்தில் தேறியதையும், பாண் மீண்டும் கிடைத்தபோது அவர்கள் மறுபடியும் நோயுற்றதையும் கண்டார். முன்னரே கோதுமைமீது ஐயங்கொண்டிருந்த அவருக்கு அது பெருஞ்சான்றாயிற்று. 1950ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டினை வெளியிட்டார். ஒரே யுத்தம் எமது அடுப்பில் கோதுமையை ஏற்றியது. ஒல்லாந்தில் கோதுமையை இறக்கி, எம் மகளுக்கு உயிர்காக்கும் உண்மையையும் காட்டிக்கொடுத்தது!

இனிப் பயணத்துக்கு வருவோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை என்று வழிநெடுக எத்தனையோ கடைகள். கண்ணாடிப் பெட்டிகளில் பணிஸ், ரோல்ஸ், கட்லட், பராட்டா. மாலையானால் கொத்து ரொட்டியின் தாளம். அனைத்தும் கோதுமை! வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டிச் சென்ற சோற்றுப் பொதியே மகளைக் காத்தது. திருகோணமலையை அணுகியபோது துறைமுகக் குடாவின் கரையில் பெரும் கட்டிடமொன்று தோன்றியது. சீனக்குடாவின் பிரீமா கோதுமை மா ஆலை அது என்று சொன்னோம். மகள் கைகொட்டிச் சிரித்தாள். "நாம கோதுமைக்குப் பயந்து ஓடி வந்தா, அது நமக்கு முந்தியே வந்து நிக்குதே அப்பா!"

அச்சிரிப்பு மறுநாள் மறைந்தது. காலையில் கடலோரக் கடையொன்றில் இடியப்பம் கண்டோம். "அரிசி மா இடியப்பந்தானே?" என்று கேட்டோம். "ஓம் ஐயா, அரிசி மாதான்" என்றார் கடைக்காரர். நம்பி உண்டாள். நண்பகலுக்குள் வயிற்றுவலியும் வாந்தியும் கண்டு படுக்கையில் விழுந்தாள். மாலையில் அக்கடைக்காரரிடம் மெல்ல விசாரித்தோம். "நூல் அறாம வாறதுக்கு ஒரு பிடி அவிச்ச கோதுமை மா சேர்ப்பம் ஐயா" என்றார். அவர் பொய்யுரைக்கவில்லை. ஒரு பிடி கோதுமை சேர்ந்தாலும் அவருக்கு அது அரிசி மா இடியப்பமே. தவறு எமது கேள்வியிலேயே இருந்தது. "இது அரிசியா?" என்று கேட்பவனுக்கு "ஆம்" என்ற விடையே கிடைக்கும். "இதில் என்னென்ன சேர்த்தீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்றிரவு வலியினும் பெரிய துன்பம் ஒன்று நேர்ந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க அப்பா. எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. நான் வெறும் சோறு தின்னுக்கிறேன்" என்றாள். நோய் உடலை வருத்துவது ஒருபுறமிருக்க, தன்னால் பிறருக்குத் தொல்லை என்று ஒரு குழந்தை எண்ணிவிடுவதை எம்மாற் பொறுக்க முடியவில்லை.

நாம் தங்கியிருந்த விடுதியை நடத்துபவர் வயது முதிர்ந்த ஓர் அம்மையார். நடந்ததை அறிந்த அவர் மறுநாட் காலை எம்மோடு ஏதும் பேசவில்லை. நேரே மகளின் கையைப் பற்றினார். "வாங்கோ பிள்ளை, குசினிக்கு. நான் என்னென்ன போடுறன் எண்டு நீங்களே பாருங்கோ" என்று அழைத்துச் சென்றார். நாம் கொண்டுசென்ற சட்டியும் மாவும் அன்று பயன்பட்டன. மகள் முக்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்ய, எமது அரிசி மாவிலே பிட்டு அவிந்தது. புதுச் சட்டியில் பாரை மீன் குழம்பு கொதித்தது. மூன்றாம் நாள் ஒடியற் கூழ்! பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவில் குளூட்டன் இல்லை. நண்டும், இறாலும், பலாக்கொட்டையும், பயற்றங்காயும், புளியும், மிளகாயும் சேர்ந்த அக்கூழை மகள் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். மலைநாட்டில் அவள் கண்டிராத உணவு அது. விலக்க வேண்டியவற்றின் பட்டியலையே கேட்டுச் சலித்த குழந்தைக்கு, புதிதாகச் சேர்க்கக்கூடியது ஒன்று கிடைத்தது.

நான்காம் நாள் கடற்கரையில் வடை விற்பவர் வந்தார். நாம் வாய்திறக்குமுன் மகளே கேட்டாள்: "மாமா, வடைக்கு என்னென்ன போடுவீங்க? அந்த எண்ணெயில வேற என்ன பொரிப்பீங்க?" உளுந்துடன் கோதுமை மாவும் சேரும் என்றார் அவர். "அப்ப எனக்கு வேணாம் மாமா, கடலை மட்டும் குடுங்க" என்று அவித்த கடலையை வாங்கிக்கொண்டு ஓடினாள். அக்குரலில் நாணமில்லை. எமது விடுமுறை அன்றே தொடங்கியது.

இத்தகைய பிள்ளைகளையுடைய பெற்றோருக்குச் சில சொற்கள். கோதுமை மறைந்து நிற்கும் இடங்கள் பல. அப்பம், பிட்டு, குரக்கன் ரொட்டி ஆகியவற்றிலும் கலப்புண்டு. பொரித்த மீனின் மேற்பூச்சு, சோயாச் சாறு, கூட்டுப் பெருங்காயம், சில சோயா இறைச்சி வகைகள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்கென்று நாம் அன்போடு கொடுக்கும் பார்லித் தண்ணீரும், மோல்ட் பானங்களும் ஆகா. பராட்டா சுட்ட கல்லும், ரோல்ஸ் பொரித்த எண்ணெயும் தூய உணவையும் கெடுத்துவிடும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், அதனைக் குளூட்டன் அற்றது எனச் சர்வதேச உணவு விதிகள் ஏற்பதில்லை. அத்துணைச் சிறிய அளவு அது! நோய் உண்டென்று ஐயுறுவோர், சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் சோதனையில் நோய் புலப்படாது போகலாம். நோயில்லாதவர் கோதுமைக்கு அஞ்சவும் வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து அட்டனுக்குத் திரும்பினோம். மழை விடவில்லை. சமையலறையில் இரண்டு ரொட்டிக் கற்கள் இருக்கக் கண்டோம். பழையது கரியேறிக் கிடந்தது. புதியதன் கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. எமது தாயார் அரிசி மாவையும் தேங்காய்ப் பூவையும் வெந்நீரில் பிசைந்து, புதிய கல்லில் தட்டிக்கொண்டிருந்தார். எமது மனைவி உதவிக்குக் கை நீட்டினார்.

"கோதுமை தொட்ட கையா? கழுவிட்டு வா தாயி. இது பாப்பா கல்லு" என்றார் தாயார்.