முகவலியும் ஸப்ரும்

கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருவர் எழுதுகிறார்: வுழூவின் தண்ணீர் கன்னத்தில் பட்டாலே மின்சாரம் தாக்கியதுபோல் தாயார் துடிக்கிறாராம். வைத்தியர் சத்திரசிகிச்சை என்கிறார். உறவினர்களோ ஸப்ர் செய்யச் சொல்கிறார்கள்.

ஸப்ர் என்பது சிகிச்சையைக் கைவிடுவதல்ல. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தாம்.

பெரும்பாலும் ஓர் இரத்தக்குழாய் முகத்தின் உணர்ச்சி நரம்பை மூளையருகே அழுத்துவதால் வரும் வலி இது. (பல்வலியென்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு!) முதல் மருந்து கார்பமஸெபின் குளிசை. அதற்கு வலி அடங்கும்வரை கத்திக்கு அவசரமில்லை. குளிசையைக் கூட்டியும் வலி அடங்காவிட்டால், அல்லது தலைசுற்றி, தள்ளாடி, எத்தனை ரக்அத் தொழுதோமென்பதும் மறந்துபோனால், அதுதான் சத்திரசிகிச்சையை யோசிக்கும் வேளை. உண்ண முடியாமல் உடல் மெலியும்வரை காத்திருக்காதீர்கள். காதின் பின்புறம் திறந்து, குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைப்பார்கள். அப்பக்கக் காது கேளாமற்போகும் ஆபத்து சிறிதுண்டு. வைத்தியரிடம் விபரமாகக் கேளுங்கள். தள்ளாதவர்களுக்குக் கன்னத்தினூடாக ஊசியால் செய்யும் முறையும் இருக்கிறது. எதுவானாலும் குளிசையைத் தாமாக நிறுத்தவேண்டாம்.

அதுவரை வுழூவுக்கு என்ன செய்வது? வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஸுன்னத். விட்டாலும் வுழூ கூடும். முகத்தைத் தேய்ப்பதும் கட்டாயமில்லை. இளஞ்சூட்டு நீரை மெதுவாக வழியவிட்டால் போதும்.