மருந்தும் பொறுமையும்

காய்ச்சல் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை செய்துவிடுகிறது. மனச்சோர்வு நோய்க்குத் தரப்படும் மாத்திரையோ அத்தகையதன்று. பலன் தெரியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப்பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலாண்ட் கூன் இமிப்பிரமின் மருந்தின் பயனை அறிவித்த பின்னர் எத்தனையோ புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆயினும் பெரும்பாலானவற்றில் இக்காத்திருப்பு நீங்கவில்லை.

இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. குமட்டல், தலைவலி, தூக்கக்கேடு முதலிய தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. துன்பம் முன்னே, நன்மை பின்னே! “இதனால் பயனில்லை” என்று பலர் மருந்தை நிறுத்திவிடுவது இக்கட்டத்தில்தான்.

ஆகவே, இது நோயாளியின் பொறுமைக்கு மட்டுமா சோதனை? வீட்டாரின் பொறுமைக்கும் அன்றோ! “இன்னுமா சரியாகவில்லை?” என்று நாள்தோறும் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும். முகத்தில் சிரிப்பு திரும்புமுன் உறக்கமும் பசியும் திரும்பக்கூடும். அச்சிறு மாற்றங்களைக் கண்டு தைரியம் சொல்லுங்கள்.

இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் சிலருக்கு, தொடக்க வாரங்களில் உயிரை வெறுக்கும் எண்ணம் அதிகரிப்பதுண்டு. அப்போது பொறுத்திருத்தல் தகாது. அவர்களைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மாணவியரே, குணமானதும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறே. தொடங்கச் சொன்ன மருத்துவரே நிறுத்தவும் சொல்லட்டும். அதுவரை உடனிருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.