மிச்சமாகும் மின்சாரம் யாருக்கு?



தொட்டியம் பகுதியின் வாழைத் தோட்டங்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒரு உழவர் கிணற்றுக்குப் புதிய பம்புசெட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் பம்புசெட்டு கடையில் இருந்தும், அவர் விலை குறைந்த வேறொன்றை வாங்கி வருகிறார். ஏன்? “அறியாமை” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியன்று என்பது என் கருத்து.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 1 லட்சம் லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 1,00,000 × 9.8 × 10, அதாவது 98 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே தேவையான ஆற்றல் சுமார் 2.7 யூனிட்தான். ஆனால் பம்புசெட்டின் பயனுறுதிறன் 25 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 11 யூனிட் செலவாகும். 50 விழுக்காடு என்றால் ஐந்தரை யூனிட் போதும். பாதிக்குப் பாதி மிச்சம்!

இனி உழவரின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். 11 யூனிட் ஆனாலும் ஐந்தரை ஆனாலும் அவர் கட்டும் தொகை ஒன்றுமில்லை. கூடுதல் விலையோ அவர் கையிலிருந்து போகிறது. மிச்சமோ மானியம் தரும் அரசுக்குச் சேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பிச் சுருளில் வெப்பம் நான்கு மடங்காகும், சுருள் கருகிவிடும். அப்போது உள்ளூர்க் கடையிலேயே காயில் கட்டித் தரக்கூடிய மோட்டார்தான் அவருக்கு நல்ல மோட்டார். கோடையில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் வாழை என்னாவது?

ஆகவே அவர் தவறாகக் கணக்கிடவில்லை. அவர் முன் வைக்கப்பட்ட கணக்குதான் தவறு. வாடகை வீட்டில் மின்விசிறி வாங்குபவர் வீட்டுக்காரர், மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர் என்றால் அங்கும் இதே கதைதான்.

இதற்கு வழி அறிவுரை அன்று. மிச்சத்தைப் பெறுபவரே கூடுதல் விலையையும் ஏற்க வேண்டும். பழுது பார்க்கும் வசதியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2015-இல் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தை எண்ணிப் பாருங்கள். எல்.இ.டி. பல்புகள் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டன, விலை இறங்கியது, மக்கள் தாமாகவே வாங்கினார்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். திறன்மிக்க பம்புசெட்டு அதே நேரத்தில் அதிக நீரை இறைக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தி, நிலத்தடி நீரை இழந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டு மின்விசிறியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? 30 வாட் விசிறியுடன் ஒப்பிட்டு, ஓராண்டு மிச்சத்தைக் கணக்கிடுங்கள். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள்.