ரேடாருக்கு வழிவிடுவோம்

கம்பியில்லா இணையம் இன்று நூலகத்திற்கும் விடுதிக்கும் வந்துவிட்டது. கூடவே ஒரு முணுமுணுப்பும் வந்துவிட்டது. “வைஃபை பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு நிமிடம் ஊமையாகக் கிடக்கிறது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சேனல் மாறிவிடுகிறது. இந்த ரேடார் விதியைத் தூக்கி எறிந்தால் என்ன?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எறியக் கூடாது என்பதே என் கட்சி.

அந்த அலைவரிசைப் பகுதியில் முதலில் குடியேறியவை வானிலை ரேடார்களும் இராணுவ ரேடார்களுமே. வைஃபை பின்னால் வந்த ஒண்டுக்குடி. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அதற்கு இடம் கொடுத்தபோதே, 5250 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் ரேடாருக்கு வழிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தது. சேனல் எண்ணில் சொன்னால் 52 முதல் 64 வரை, 100 முதல் 140 வரை.

பெட்டி பேசத் தொடங்கும் முன் 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடாரின் துடிப்புகள் மிகக் குறுகியவை; ஓர் ஒழுங்கான தாளத்தில் வருபவை. அந்தத் தாளம் கேட்டால் அந்தச் சேனலைத் தொடக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் 10 விநாடிக்குள் மூட்டை கட்ட வேண்டும். 30 நிமிடத்திற்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஐரோப்பாவில், வானிலை ரேடார்கள் இயங்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை 10 நிமிடம் கேட்க வேண்டும். (பத்து நிமிடம் பேசாமலிருக்க நம் வகுப்பில் எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி!)

ஏன் இத்தனை கெடுபிடி? 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து திடீரெனக் கீழ்நோக்கிக் கொட்டிய காற்றில் சிக்கி நொறுங்கியது. 137 பேர் மாண்டனர். இத்தகைய காற்றை முன்கூட்டியே காட்டுவதற்காக அந்நாட்டின் 45 விமான நிலையங்களுக்குத் தனி டாப்ளர் ரேடார்கள் அமைக்கப்பட்டன. அவை இயங்குவது அதே 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில்தான். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு நலிந்தது! அதைக் கேட்கக் காத்திருக்கும் ரேடாரின் காதில் நம் பெட்டி கத்தினால், அந்தத் திசை முழுவதும் திரையில் ஒரு கோடு விழுந்துவிடும். கோட்டுக்குப் பின்னால் மேகம் இருக்கிறதா, இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில் இப்படிப்பட்ட குறுக்கீடு கண்டுபிடிக்கப்பட்டது. திறந்தவெளியில் நிறுத்தப்பட்ட கம்பியில்லாக் கருவிகளே காரணம். ரேடாரைக் கண்டறியும் வசதியை முடக்கி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அபராதம் விதித்தது.

பெட்டியில் வேறொரு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து விதியை ஏமாற்றும் குறுக்குவழியைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தால் நமக்கு மிச்சமாவது ஒரு நிமிடம். அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர்களோ நாம் முகம் அறியாதவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லையே!

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ரேடாரே இல்லாத இடத்திலும் வேறு சத்தத்தை ரேடார் என்று எண்ணிப் பெட்டி மிரண்டு ஓடுவதுண்டு. அதற்குத் தீர்வு காதைத் திருத்துவது. காதை அடைப்பது அன்று. பெட்டி செய்பவர்களும் வாய் திறக்கலாம். “ரேடார் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், 40 விநாடி பொறுங்கள்” என்று ஒரு வரி காட்டினால் பாதிக் கோபம் அடங்கிவிடும். நாமும் இந்தச் சேனல்களைக் கண்டு அஞ்சி 36, 40, 44, 48 என்ற நான்கிலேயே முட்டி மோத வேண்டியதில்லை. ரேடார் அருகில் இல்லாத ஊர்களில் நடுச் சேனல்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. முதல் நிமிடம் பொறுத்தவருக்கு அவை தாராளமாகக் கிடைக்கும்.