‘ஜஸ்ட் கிட்டிங்’ என்கிறார்கள்

சாதியைச் சொல்லிக் குத்துவார்கள். நம் முகம் மாறியதும் ‘ஜஸ்ட் கிட்டிங்டா’ என்று தோளில் தட்டுவார்கள். தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் இதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ‘இதுக்குப் போயி கோச்சுக்குறியே, ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கத் தெரியாதா?’ என்று உபதேசம் வேறு. குத்தினவன் ரசனைக்காரன், குத்துப்பட்டவன் சிரிக்கத் தெரியாத சிடுமூஞ்சி.

அந்த ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். ‘கிட்’ என்றால் முதலில் ஆட்டுக்குட்டி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொச்சைப் பேச்சில் மனுசக் குழந்தைக்கும் அது பேரானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் திருடர்களின் ரகசியப் பேச்சில் ‘ஏய்ப்பது’ என்று பொருள். கேலி என்பது அதற்கும் பின்னால் வந்தது. எதிராளியைக் குழந்தையாக்கி ஏய்ப்பது என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

வளர்ந்த மனுசனைக் குழந்தையாக்குவது காவிரிக் கரைக்குப் புதுசா என்ன? பத்து வயசு மிராசுதார் வீட்டுப் பிள்ளை அறுபது வயசுப் பண்ணையாளை ‘டேய்’ போட்டுக் கூப்பிடும். கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘என்னங்க சின்னய்யா’ என்று கைகட்டி நிற்பார். சாதிப் பேரோடு ஒட்டவைத்த அந்தப் ‘பய’ இருக்கிறதே, பயல் என்றால் சிறுவன்தான். பேரன் பேத்தி எடுத்தாலும் சேரிக்காரன் சிறுவன். 1952இல் தஞ்சாவூருக்கென்றே போட்ட பாதுகாப்புச் சட்டம்கூட ‘பண்ணையாள்’ என்றது. சட்டத்தில் ஆள், ஆண்டை வாயில் பய!

திருப்பி ‘டேய்’ என்று சொல்லிவிட்டு ‘சும்மா தமாசுக்குங்க ஆண்டே’ என்று எங்கள் தாத்தாமார் தப்பித்திருக்க முடியுமா? சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த ஊர் இது. தமாசு என்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட நிலம் மாதிரி ஒரே பக்கம்தான் குவிந்து கிடந்தது.

நமக்குச் சிரிக்கத் தெரியாதாம்! நடவு வயலில் நம்ம பொம்பளைங்க ஆண்டையின் தொந்தியையும் கஞ்சத்தனத்தையும் போட்டு வாங்குவதைக் கேட்டவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். வரப்பில் அவர் தலை தெரிந்ததும் பேச்சு மாறும். உயிருக்குப் பயந்து ஒளித்துவைத்த சிரிப்பு அது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ‘இழிவுபடுத்தும் நோக்கம்’ இருக்கவேண்டும் என்றது. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்கிறவன் குறி வைப்பது அந்த வார்த்தையைத்தான். நோக்கம் இல்லை என்றால் குற்றமும் இல்லையே! 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதிச் சொல்லின் வேர்ப்பொருளைப் பார்க்காதே, இன்றைக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்று பார் என்றது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுப் பார்வையில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. விடுதி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் அதுவும் எட்டாது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த தரம் எவனாவது ‘கிட்டிங்’ என்றால் கோபப்படவேண்டாம். இதே ஜோக்கை உன் சாதிப் பேரைப் போட்டு, உங்க ஊர் டீக்கடையில, உங்க அப்பா முன்னாடி நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.